பட்டாணி அளவு கட்டி, ஆறு நிமிடச் சூடு

ராத்திரி இரண்டு மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பிள்ளை. இப்யூபுரூஃபன் ஒன்று கொடுத்தால் அரை மணி நேரத்தில் வலி அடங்கி, விடியும்வரை தூங்கும். பகலில் பள்ளிக்கூடம் போகும், விளையாடும். அடுத்த ராத்திரி மறுபடியும் எழுந்துகொள்ளும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால், முதுகெலும்பில் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னக் கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்.

இது புற்றுநோய் இல்லை. வேறு இடத்துக்குப் பரவாது. ஹென்றி ஜாஃபே என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1935-இல் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் 5 முதல் 25 வயதுக்குள் வரும். பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொடை எலும்பிலும், முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பிலும்தான் மிகுதியாகக் காணப்படுகிறது. பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு முதுகெலும்பில் வரும். அதிலும் இடுப்புப் பகுதி முன்னால், கழுத்து அடுத்தது. முள்ளெலும்பின் பருமனான முன்பகுதியை இது அதிகம் தொடுவதில்லை. தண்டுவடத்துக்குக் கூரை போட்டது போலப் பின்னால் வளைந்திருக்கும் லேமினா, அதைத் தாங்கும் பெடிக்கிள், மேல் எலும்பும் கீழ் எலும்பும் சேரும் சிறு மூட்டு ஆகியவைதான் இதற்குப் பிடித்த இடங்கள்.

கட்டியின் உயிர் நடுவில் இருக்கிறது. அதற்கு நைடஸ் என்று பெயர்; லத்தீனில் கூடு என்று பொருள். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது, பல பேருக்குப் பட்டாணி அளவுதான். சுற்றியுள்ள எலும்பு அதற்கு எதிர்வினையாகத் தடித்து இறுகிப் போகும். படத்தில் பெரிதாகத் தெரிவது அந்தத் தடிப்பு. நோய் இருப்பதோ நடுவில் உள்ள கூட்டில் மட்டும். கூட்டை அழித்தால் போதும், தடிப்பு காலப்போக்கில் தானே கரையும். ஊசி வழியாகச் சூடு வைத்து இதைக் குணப்படுத்த முடிவதற்கு அடிப்படைக் காரணமே இதுதான்.

நைடஸ் புரோஸ்டாகிளாண்டின் என்ற வலி வேதிப்பொருளைக் குவியலாகச் சுரக்கிறது. அதன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைகளுக்கு இந்த வலி கேட்பதும் அதனால்தான். ஆஸ்பிரின் போட்டால் வலி மாயமாக மறையும் என்பது இந்த நோயின் பழைய அடையாளம். ஆனால் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரினை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். வைரஸ் காய்ச்சலோடு அது சேர்ந்தால் ரை நோய் என்ற ஆபத்தான கல்லீரல், மூளை பாதிப்பு வரலாம். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் மருத்துவர் சொல்லும் இப்யூபுரூஃபனோ நாப்ராக்சனோ அதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிப்பதில் நடக்கும் தவறுகள்

'வளரும் பிள்ளைக்கு வலி இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லிவிடுவது முதல் தவறு. வளர்ச்சி வலி இரண்டு கால்களிலும் வரும். முதுகெலும்பில் ஒரே இடத்தில் குத்தாது. முதுகு ஒரு பக்கம் வளைந்திருப்பதைப் பார்த்துச் சாதாரண முதுகு வளைவு என்று பட்டை போட்டு அனுப்புவது இரண்டாவது. வளரிளம் பருவத்தில் காரணமில்லாமல் வரும் வளைவு பொதுவாக அவ்வளவு வலிப்பதில்லை. வலியும் வளைவும் சேர்ந்து வந்தால், கட்டி இருக்கும் பக்கத்துத் தசை இறுகி முதுகை அந்தப் பக்கமாக இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டி பெரும்பாலும் வளைவின் உட்புறத்தில், அதன் உச்சிக்கு அருகே உட்கார்ந்திருக்கும். 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு காலக்கெடுவையே காட்டியது: அறிகுறி தொடங்கி ஏறக்குறைய 15 மாதத்துக்குள் கட்டியை அகற்றிவிட்டால் வளைவு தானே நிமிர வாய்ப்பு அதிகம், அதற்கு மேல் போனால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. முதுகெலும்பின் பின்பகுதியில் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் பட்டாணி அளவு ஓட்டை மறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. அதைவிட ஏமாற்றும். கூட்டைச் சுற்றியுள்ள வீக்கம் பளிச்சென்று பரவித் தெரியும், கூடு தெரியாது. அறிக்கையில் 'தொற்றா, கட்டியா' என்று எழுதுவார்கள். முதுகெலும்புக் காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில், அந்த ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்க வைக்கும் அபாயம் உண்டு. காசநோய் வழக்கமாக முள்ளெலும்பின் முன்பகுதியையும், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் இடைவட்டையும் அரிக்கும். இந்தக் கட்டி எலும்பின் பின்பகுதியில் இருக்கும். தொற்றோ அழற்சியோ இருந்தால் கூடும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற ரத்தச் சோதனைகளும் இதில் இயல்பாகவே இருக்கும்.

தேவைப்படுவது மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி. படம். ஒரு மில்லிமீட்டர் தடிமன், வலி இருக்கும் பகுதிக்கு மட்டும், பிள்ளைகளுக்கு ஏற்ற குறைந்த கதிர்வீச்சில். ஐந்து மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்தால் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நைடஸ் நழுவிவிடும். எந்த மட்டத்தில் தேடுவது என்றே தெரியாதபோது, லேசான கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன் உதவும். கட்டி அதில் பளிச்சென்ற புள்ளியாகத் தெரியும், அந்த இடத்தில் சி.டி. எடுக்கலாம்.

கத்தி வைத்தால் என்ன சிக்கல்

திறந்த அறுவை சிகிச்சை இன்றும் தேவைப்படுகிறது, அது தவறான வழி அல்ல. ஆனால் எலும்பைத் திறந்து பார்த்தால் நைடஸ் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. தப்பிவிடக் கூடாது என்று அறுவை மருத்துவர் சுற்றிலும் கூடுதலாக எடுப்பார். கட்டி சிறு மூட்டில் இருந்தால் மூட்டே போகும், எலும்பு ஆட்டம் காணும், திருகாணியும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளை ஒட்ட வேண்டி வரும். பட்டாணி அளவு கட்டிக்காகப் பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் ஓர் அசைவை நிரந்தரமாக இழப்பது பெரிய விலை.

மாத்திரையிலேயே காலம் தள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் இந்தக் கட்டி தானே அணைந்துபோவதும் உண்டுதான். கை கால் எலும்பில், வலி கட்டுக்குள் இருந்தால், அது நேர்மையான ஒரு வழி. முதுகில் வளைவு தொடங்கிவிட்ட பிள்ளைக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஒருபுறம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த 15 மாதக் கணக்கில் கழிகிறது என்பது மறுபுறம்.

சூடு எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவின் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டேனியல் ரோசந்தால் குழுவினர், ரேடியோ அலை மின்னோட்டத்தால் இந்தக் கட்டியைச் சுட்டு அழிக்கும் முறையை 1992-இல் வெளியிட்டார்கள். ஊசி போன்ற மின்முனையைச் சி.டி. படத்தின் துணையோடு நைடஸின் நடுவில் வைப்பார்கள். முனையில் 5 மில்லிமீட்டர் மட்டும் திறந்திருக்கும், மீதி முழுவதும் மின்காப்பு உறை. தொடையில் ஒட்டிய தரைத் தகடு வழியாக மின்சுற்று முழுமை பெறும்.

மின்னோட்டம் நொடிக்கு ஏறக்குறைய 5 லட்சம் முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. அவ்வளவு வேகத்தில் நரம்பும் தசையும் துடிப்பதில்லை, அதனால் ஷாக் அடிக்காது. ஆனால் முனையைச் சுற்றியுள்ள திசுவில் இருக்கும் அயனிகள் முன்னும் பின்னும் அலைந்து உரசுவதால் திசுவே சூடாகிறது. அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் கிட்டத்தட்ட உடனே சாகும். ஐம்பதில் சில நிமிடங்கள் பிடிக்கும். நூறைத் தொட்டால் திசுநீர் கொதித்து, முனையைச் சுற்றிக் கரி படியும். கரி மின்சாரத்தைத் தடுக்கும், சூடு அதற்கு வெளியே போகாது. ஆகவே வழக்கமான அளவு 90 டிகிரி, 6 நிமிடம். அவசரப்பட்டுச் சக்தியை ஏற்றினால் எரிவது மையம் மட்டும், விளிம்பு தப்பிவிடும்.

ஐந்து மில்லிமீட்டர் முனை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்குத் திசுவை அழிக்கும். அதாவது ஊசியிலிருந்து எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர். திட்டம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: நைடஸின் எந்த மூலையாவது ஊசியிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்கு அப்பால் இருக்கிறதா? இருந்தால் ஒரே சூடு போதாது. ஊசியை நகர்த்தி இன்னொரு ஆறு நிமிடம், ஒன்றின் வட்டம் மற்றொன்றின்மேல் ஏறுமாறு வைக்க வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கட்டியை ஒரே குத்தில் முடிப்பது, வலி திரும்பி வருவதற்கு வழி வைப்பது.

மேசையில் நடப்பவை

முழு மயக்கம் தேவை. காரணம் வலி மட்டும் அல்ல, ஒரு மில்லிமீட்டர் அசைவும் ஆகாது. நைடஸுக்குள் ஊசி நுழையும் கணத்தில், நன்றாக மயங்கியிருக்கும் பிள்ளைக்கும் இதயத்துடிப்பும் மூச்சும் சட்டென்று எகிறும். அனுபவமுள்ளவர்கள் அதையே சரியான இடத்தைத் தொட்டதற்கு ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். மயக்க மருத்துவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மயக்கம் ஆழமாக இருக்க வேண்டும். நரம்பின் செயலைக் கண்காணிக்கப் போகிறார்கள் என்றால் தசைத் தளர்ப்பு மருந்தைத் தவிர்த்து, வாயு மயக்கத்தைக் குறைத்து, புரோப்போஃபால் போன்ற நரம்புவழி மருந்தில் வைப்பார்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்தால் நரம்பு சுடப்படுவதைக் காட்டும் அறிகுறி எதுவும் மிஞ்சாது.

பிள்ளை குப்புறப் படுத்திருக்கும். முதல் சி.டி.யில் பாதை குறிப்பார்கள். நேராகப் பின்னாலிருந்து குத்துவது குறுகிய வழி, ஆனால் ஊசி வழுக்கினால் அது போய் நிற்பது தண்டுவடக் குழாயில். அதனால் எதிர்ப்பக்கத் தோலிலிருந்து தொடங்கி, லேமினாவின் சரிவோடு சேர்ந்தாற்போல், குழாய்க்கு இணையாக நுழைவதை நான் விரும்புகிறேன். வழுக்கினாலும் ஊசி தசைக்குள் போகும். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூடு ஊசித்தண்டின் பக்கவாட்டில் நன்றாகப் பரவும், முனைக்கு முன்னால் அவ்வளவு பரவாது. இணையாகப் படுத்த ஊசி தன் அகன்ற சூட்டை நரம்பின் பக்கம் காட்டுகிறது. ஆகவே பாதையை முடிவு செய்யும்போதே, நரம்பைச் சூட்டிலிருந்து காக்கும் தடுப்பையும் முடிவு செய்ய வேண்டும்.

தடித்த எலும்பு கல் போல இருக்கும். அழுத்தித் திருகினால் ஊசி வளையும் அல்லது சரியும். கையால் சுழற்றும் துரப்பணமோ சிறு மோட்டார் துரப்பணமோ கொண்டு மெதுவாகத் துளையிட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்த்தபடி போவார்கள். நைடஸை அடைந்ததும் சூடு வைப்பதற்கு முன் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சுட்ட பிறகு எடுத்தால் நோய்க்குறியியல் மருத்துவருக்குக் கருகிய துகள்தான் கிடைக்கும். துண்டு சின்னது என்பதால் பல நேரம் உறுதியான விடை வராது. ஆனாலும் எடுக்க வேண்டும், ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். எலும்புக்குள் ஒளிந்த சீழ்க்கட்டி படத்தில் அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும்.

அடுத்தது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் பெரிய காயத்தைத் தவிர்க்கும். மின்முனை உள்ளே போன வெளிக்குழாய் உலோகம். சூடு வைப்பதற்கு முன் அதை ஒரு சென்டிமீட்டராவது பின்னால் இழுத்து, திறந்த முனையோடு தொடர்பில்லாமல் செய்ய வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் மின்னோட்டம் குழாய் வழியே ஏறித் தசையையும் தோலையும் சுடும். ஒல்லியான பிள்ளையின் முதுகில் எலும்புக்கும் தோலுக்கும் தூரமே இல்லை. தொடைத் தகடு ஈரமில்லாத தோலில் முழுப்பரப்பும் ஒட்டியிருக்க வேண்டும். ஓர் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் மிச்சமுள்ள இடத்தில் மின்னோட்டம் குவிந்து அங்கே கொப்புளம் எழும்பும்.

நரம்பைக் குளிர வைப்பது

ஒரு பக்கம் 90 டிகிரி. சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் நரம்பு 45 டிகிரியைத் தாண்டினாலே கெட ஆரம்பிக்கும். முதுகெலும்பில் இந்தச் சிகிச்சையின் கடினம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இயற்கையே கொஞ்சம் உதவுகிறது. இடையில் கெட்டியான எலும்புச் சுவர் உடையாமல் இருந்தால் அது சூட்டைத் தடுக்கும். தண்டுவடத்தைச் சூழ்ந்து ஓடும் திரவமும் சிரை ரத்தமும் வந்த சூட்டை அடித்துக்கொண்டு போகும். ஆனால் அதே குளிர்ச்சி நைடஸின் உள்விளிம்பையும் காப்பாற்றிவிடலாம். குழாயை ஒட்டிய கட்டிகள் முழுமையாக வேகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பெல்லாம் நரம்புக்கும் கட்டிக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் தொடவே மாட்டார்கள். இப்போது தடுப்பு வைத்துக்கொண்டு அதைவிட நெருக்கமானவற்றையும் செய்கிறார்கள். எலும்புச் சுவர் அரிக்கப்பட்டு, கட்டி நேராக நரம்பு உறையைத் தொட்டால் நிலைமை வேறு. அங்கே அறுவை சிகிச்சையையே யோசிக்க வேண்டும்.

தடுப்புக்கு இரண்டு பொருள்கள். ஒன்று 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், நாம் குளுக்கோஸ் பாட்டில் என்று சொல்வது. மெல்லிய ஊசியால் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தினால் நரம்பைத் தள்ளி வைக்கும், குளிர்விக்கும். இங்கே கை மறதியாகச் சலைன் பாட்டிலை எடுத்துவிடக் கூடாது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். பாதுகாப்புக்கு ஊற்றியதே மின்னோட்டத்தை நரம்புவரை கொண்டுபோகும். குளுக்கோஸில் அயனிகள் இல்லை, அதனால் கடத்தாது. மற்றொன்று கரியமில வாயு. சூட்டைக் கடத்துவதில் திரவத்தைவிட மந்தம், படத்திலும் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். சீக்கிரம் கரைந்துவிடுவதால் ஆறு நிமிடத்துக்குள் பல முறை செலுத்த வேண்டும். சாதாரணக் காற்றைப் பயன்படுத்தினால் அது ரத்தத்தில் கரையாமல் குமிழாக அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

சூடு சி.டி. படத்தில் தெரியாது என்பதால், நரம்புக்கும் கட்டிக்கும் நடுவில் வெப்பமானி ஊசி ஒன்றை வைத்து நொடிக்கு நொடி பார்ப்பார்கள். நாற்பதைத் தாண்டி ஏறும்போதே குளுக்கோஸைச் செலுத்தத் தொடங்கி, 45-ஐ நெருங்கினால் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். எண் இறங்கியபின் தொடரலாம். இந்த ஊசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் பொய்யான நிம்மதி தரும். அது எங்கே நிற்கிறது என்று படத்தில் உறுதி செய்யாமல் பொத்தானை அமுக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் நொடிக்கு இரண்டு துடிப்பு என்ற அளவில் அதே முனை வழியாகச் சிறிய மின்தூண்டல் கொடுத்து, கால் தசையோ கைத் தசையோ துள்ளுகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். துள்ளினால் ஊசி நரம்புக்கு மிக அருகே இருக்கிறது.

லேசர் இழையாலும் இதைச் செய்யலாம். நெல்மணியைவிட மெல்லிய இழை, 2 வாட் சக்தி, ஐந்து நிமிடத்தில் 600 ஜூல். தரைத் தகடு வேண்டாம். மைக்ரோவேவ் வேகமானது, பெரிய பரப்புக்கு ஏற்றது. நரம்புக்குப் பக்கத்தில் அந்த வேகமே எனக்குத் தயக்கம் தருகிறது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவின் அண்ணன் போன்ற ஆஸ்டியோபிளாஸ்டோமா இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. சிறியதும் எலும்புக்குள் அடங்கியதுமாக இருந்தால் சூடு வைக்கலாம். குழாய்க்குள் பிதுங்கியிருந்தால் கத்திதான். பெரியவர்களின் முதுகெலும்பில் தற்செயலாகத் தென்படும் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டிக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. அதைச் சுட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு

மயக்கம் தெளிந்தவுடன் கால் விரல், பாதம், கட்டி கழுத்தில் என்றால் கை விரல்கள் எல்லாவற்றையும் அசைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். துளையைச் சுற்றி நீண்டநேர மரப்பு மருந்து போட்டிருந்தால் சில மணி நேரம் ஒரு காலில் மதமதப்பு இருக்கலாம். அது நரம்புக் காயம்போலத் தோன்றிப் பயமுறுத்தும் என்பதால், எவ்வளவு, எங்கே போட்டோம் என்று மருத்துவர்கள் குறித்து வைக்க வேண்டும். பலவீனம் மறுநாளும் இருந்தாலோ கூடினாலோ உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாவிட்டால் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

முதல் ஒன்றிரண்டு நாள் துளையிட்ட இடத்தில் வேறு மாதிரி வலிக்கும். பழைய ராத்திரி வலி பெரும்பாலோருக்குச் சில நாட்களுக்குள் போய்விடும். 'அது போயிடுச்சு, இது வேற வலி' என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். கட்டு, பட்டை எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடம் ஒரு வாரத்துக்குள். துளை விழுந்த எலும்பு இறுகும்வரை, சில வாரங்களுக்குக் குதிப்பதும் மோதி விளையாடுவதும் கூடாது.

பத்தில் ஒன்பது பேருக்கு ஏறத்தாழ முதல் முறையிலேயே குணமாகிறது. ஆகாதவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலி ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றால் ஊசி தவறான இடத்தில் இருந்திருக்கலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். சோதனைத் துண்டின் முடிவையும் பழைய படத்தையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். சில மாதம் நன்றாக இருந்து திரும்பி வந்தால், விளிம்பில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. அது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும், அதே முறையில் இன்னொரு தடவை செய்யலாம்.

மூன்று மாதம் கழித்து யாராவது சி.டி. எடுத்து, எலும்பில் ஓட்டை அப்படியே இருக்கிறது என்று அறிக்கை தரக்கூடும். செத்துப்போன கூடும் ஓட்டையாகத்தான் தெரியும். அது எலும்பாக நிரம்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதும் நிரம்புவதே இல்லை. பிள்ளை மாத்திரை இல்லாமல் விடியும்வரை தூங்குகிறது, முதுகு நிமிர்ந்துகொண்டு வருகிறது என்றால், அந்த ஓட்டையை நம்பி இரண்டாவது சூட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம்.